இந்தக் குளிர்காலம் நான் காரைக் கழுவவில்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால், என் காரின் பின்கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். "என்னை ஒருக்காக் குளிப்பாட்டுங்கோ." தமிழில்தான். குண்டு குண்டான எழுத்து. ஊத்தை அவ்வளவு தடிப்பாகப் படிந்திருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது.

பகிடிக்கு எழுதியதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் தன்னுடைய காரைத் திறந்துகொண்டு நின்ற ஜெயந்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரி. மெல்பேர்னுக்கு எங்களுக்கு முன்னமே வந்தவர். இங்கே யாருக்கு என்ன நடந்தாலும் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும்.

"என்ன வதனி, காரை இப்பிடி வைச்சிருக்கிறீர்? பாஸ்கரன் இருக்கேக்க உது கண்ணாடி மாதிரி மின்னும். மழைக்குள்ளயும் மின்னும். அந்த மனுசன்ர அருமை இப்பவாவது தெரியுதே?"

பாஸ்கரன் என் கணவர். இருக்கேக்க என்று அக்கா சொன்னதைக் கேட்டு ஆள் செத்துப்போய்விட்டதாக நினைக்கவேண்டாம். கல்லுப்போல இருக்கிறார். எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாதென்று கோர்ட் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். வாயைத் திறந்திருந்தால் கோயில் வாசலில் சொல்லக்கூடாத சொல்லாய்த்தான் வந்திருக்கும். அந்தக் கொதி ஆறமுதல் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதத் தொடங்கினேன். எல்லாம் முடிந்தது போன வருடம் இதே குளிர்காலத்தில். எங்கள் கார் ஏன் அப்படி மின்னியது என்பதை நான் சொல்லாவிட்டால், நல்லாய்ப் பராமரித்த மனிதர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிடும்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்குக் குளிர்காலம் என்றால் பனி கொட்டும் என்று நினைப்பு. மெல்பேர்னில் பனி கொட்டாது. யூன் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை ஒரு சிணுங்கல் மழை, எலும்புக்குள் இறங்குகிற காற்று, பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடிக்க இருட்டு. ரோட்டுச் சேறு காரின் இடுப்புவரை ஏறும். ஈர இலை விழுந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் குருவி எச்சம். கோடையில் பாஸ்கரன் வீட்டு வாசலில் வாளியும் துணியும் வைத்துக்கொண்டு, பழைய பாட்டுப் போட்டுவிட்டு, தானே கழுவுவார். குளிர்காலத்தில் கை விறைக்கும். ஆகவே பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தானியங்கிக் கார் வாஷுக்குப் போவோம்.

உள்ளே கடையில் ஒரு இலக்கம் தருவார்கள். அதை வாசலில் உள்ள பெட்டியில் அழுத்தினால் கதவு மேலே போகும். சிவப்பு வெளிச்சம் நில் என்று சொல்கிற இடத்தில் காரை நிற்பாட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டியதுதான். பெரிய இரும்புச் சட்டம் ஒன்று முன்னும் பின்னுமாய் வந்து போகும். தண்ணீர் அடிக்கும். நுரை கொட்டும். ஆள் உயரப் பிரஷ்கள் சுழன்று வந்து காரை மாறி மாறி அறையும். கடைசியில் காற்று ஊதிக் காயவைக்கும். வாகனத்தை விட்டு இறங்கவேண்டாம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். காது அடைக்கிற சத்தம். பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைப்பதென்றால் கத்தவேண்டும்.

எங்கள் வீடு கிளென் வேவர்லியில், இரண்டாய்ப் பிரித்த வீடொன்றின் பாதி. மகள் அபியின் பள்ளிக்கூடத்துக்காக எடுத்தது. அந்தப் பள்ளிக்கூட எல்லைக்குள் ஒரு கோழிக்கூடு கிடைத்தாலும் எங்கள் சனம் எடுக்கும். நடுச்சுவர் பிஸ்கற் மாதிரி. மற்றப் பாதியில் மரியா என்ற கிரேக்கக் கிழவி. அவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் சண்டை பிடித்தால் அவருக்குக் கேட்கும்.

சண்டை பிடிக்கிற ஆட்கள்தான் நாங்கள். எனக்கு வாய் நீளம், அவருக்கு மூக்கு நுனியில் கோபம். ஊரில் என்றால் புருசன் பெண்சாதி சத்தம் வேலி தாண்டினதும் யாராவது சீனி கேட்கிற சாட்டில் வந்து நிற்பார்கள். சீனியை வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் எவ்வளவு நேரத்துக்குக் கத்துவது? சண்டை தானாய் அடங்கும். மரியா சீனி கேட்டு வரவில்லை. பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்.

அன்றைக்கு பாஸ்கரன் கை நீட்டவில்லை. நான்தான் சோற்றுச் சட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். வந்த பொலிசில் ஒருவர் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மற்றவர் ஒரு இளம் பெண். என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து மேசையில் வைத்தார். இந்தியத் தமிழ்ப் பெண் குரல்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் உங்கள அடிச்சாரா?"

"இல்லை. சட்டி எறிஞ்சது நான்."

"நீங்களா?" என்றார் அந்தப் பெண். மொழிபெயர்ப்பாளர் அப்படிக் கேட்கலாமோ தெரியாது. கேட்டுவிட்டார்.

அபிக்கு அப்போது பதினான்கு வயது. தன் அறைக் கதவை நீக்கிவிட்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பொலிஸ் போனபிறகு பாஸ்கரன் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். "இனி இந்த வீட்டுக்குள்ள சத்தம் வரக்கூடாது வதனி. பிள்ளைக்காக." நானும் ஓம் என்றேன். அந்த ஒரு விசயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மனமாய் இருந்தோம்.

3

அடுத்த சனிக்கிழமையே அவருடைய தங்கச்சி கனடாவிலிருந்து போன் எடுத்து, நான் மரியாதை தெரியாதவள் என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். வீட்டில் கதைக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் சாமான் வாங்கப் புறப்பட்டோம். போகிற வழியில் அவர் காரைக் கழுவ விட்டார். தண்ணீர் அடிக்கத் தொடங்கினதும், "அவள் சொன்னதில என்ன பிழை?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினேன். அவரும் கத்தினார்.

அவ்வளவுதான், அணை உடைத்துக்கொண்டது. பிரஷ் கதவில் அறைய அறைய நான் அவருடைய குடும்பத்தை வேரோடு கிளறினேன். அவர் என்னுடைய குடும்பத்தைக் கிளறினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நீங்கள் என்றே கூப்பிட்ட மனிதரை அன்றைக்கு நீ என்றேன். "நீ ஆரடா எனக்குச் சொல்ல!" என்றேன். வீட்டில் சொல்லியிருந்தால் சுவர் விழுந்திருக்கும். நுரைக்குள் யாருக்கும் கேட்கவில்லை.

காற்று ஊதி முடிந்து கதவு திறந்தது. வெளியே நல்ல வெயில். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, கட்டிப்போன தொண்டையால், "டா போட்டனீர் என்ன?" என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவருக்கும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நாங்கள் சந்தோசமாக இருந்தோம். தமிழ்க் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக் காருக்குள்ளேயே இருந்து தின்றோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போனது. குசினியில் நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவர் மெல்ல, "காருக்க கதைப்பம்" என்பார். நானும் அடக்கிக்கொள்வேன். முதல் தண்ணீருக்குச் சின்னச் சின்ன முறைப்பாடுகள். நுரைக்குத் தாய் தகப்பன் சகோதரங்கள். பிரஷ் வந்தால் வாய்க்கு வந்தபடி எல்லாம். காற்று ஊதும்போது முகத்தைச் சரிபண்ணிக்கொள்வோம். வீட்டில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. மரியா வேலிக்கு மேலால் எட்டி, "உன் மனுசனுக்கு அந்தக் காரில் நல்ல காதல்" என்பார். கோயிலில் எங்கள் காரைக் காட்டி மற்றப் பெண்கள் தங்கள் கணவர்மாருக்கு ஏச்சு விட்டார்கள். வெள்ளைக்காரன் சண்டை தீர்க்க ஆள் வைத்து, சோபாவில் இருத்தி, மாதக்கணக்கில் கதைக்க வைக்கிறான், நாங்கள் ஒரு கார் கழுவுகிற நேரத்துக்குள் முடித்துவிடுகிறோமே என்று எனக்குள் ஒரு பெருமை. விசரி நான்.

4

அடுத்த குளிர்காலம். வேலையிடத்தில் அவருக்கு மேலே ஒரு இளம் பெடியனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவர் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை நுரை கொட்டத் தொடங்கினதும் என்னில் பிழை பிடிக்கத் தொடங்கினார். சோறு குழைந்தது, அபி சொல்வழி கேட்பதில்லை, இப்படி. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பெடியனுக்கு முன்னால வாலை ஆட்டிப்போட்டு என்னட்ட வந்து ஏன் குலைக்கிறீங்கள்?" என்றேன்.

புறங்கையால் அடித்தார். மோதிரம் பல்லில் பட்டு உதடு பிளந்தது. அடித்தது அவர்தானா, பிரஷ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டதா என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. கதவில் கையை வைத்தேன். பூட்டியிருந்தது. திறந்திருந்தாலும் எங்கே இறங்குவது? அவர் திரும்பவும் அடித்தார். திரும்பவும். காற்று ஊதத் தொடங்கினதும் நிறுத்தினார். ரிஷூக் கடதாசிப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"துடையும். வெளியில ஆக்கள் நிக்கினம்."

அடியைவிட அந்தச் சொல்தான் என்னை உலுப்பியது. கோபத்தில் அறிவிழந்து கை நீட்டுகிறவன் நேரம் பார்க்கமாட்டான். இந்த மனிதருக்குக் காற்று எப்போது ஊதும் என்று தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு முகத்தில் அடிக்கவில்லை. கை, விலா, தொடை. நான் வேலை செய்வது இரத்தம் எடுக்கிற நிலையத்தில். நாள் முழுக்க மற்றவர்களின் சட்டைக் கையை உயர்த்தி நரம்பு தேடுகிறவள் நான். என்னுடைய சட்டைக் கை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக் கிடந்தது. குளிர்காலம்தானே, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வந்தவர்களில் சில பெண்களின் கையில் நீலம் இருக்கும். போன முறை ஊசி குத்தினது என்பார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு மற்றக் கையைக் கேட்பேன்.

சனிக்கிழமை காலை அவர் யன்னலால் பார்த்து, "கார் ஊத்தையாக் கிடக்கு" என்பார். சாதாரணக் குரலில். ஒருமுறை ஜெயந்தி அக்காவும் மனுசனும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போதே சொன்னார். "பாத்தீரே, என்ன பொறுப்பு!" என்றார் அக்கா தன் மனுசனிடம். நாசமாய்ப் போன கார்.

ஷெல்லடிக்குள் வளர்ந்தவள், அதனால்தான் அந்த இரும்புச் சத்தத்துக்குப் பயந்துபோனாள் என்று யாரும் எனக்குக் கதை கட்டவேண்டாம். ஷெல் விழும்போது பங்கருக்குள் என்னோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் என் பக்கம். பாஸ்கரனின் காருக்குள் எனக்கு ஒருவரும் இல்லை.

ஏன் ஏறினாய் என்று கேட்பீர்கள். ஏறாவிட்டால் அது வீட்டுக்குள் நடக்கும். வீட்டுக்குள் அபி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது, அவள் படித்து முடித்து வெளியே போகவேண்டும், அதுவரை நான் தாங்குவேன் என்று நினைத்தேன். பிறகு கோடை வந்தது. வாளி, துணி, பழைய பாட்டு. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். முடிந்துவிட்டதென்றே நம்பினேன். யூன் மாதம் முதல் மழைக்கு யன்னலால் எட்டிப் பார்த்தார்.

5

அபி எங்களைவிட்டு எப்போது விலகினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போனாள். பிறகு அழவும் இல்லை, போகவும் இல்லை. அறைக்கதவு எப்போதும் சாத்து. காதுக்குள் பாட்டு. சாப்பிட வா என்றால், "இன் அ மினிட்" என்று ஒரு குரல் வரும், ஆள் வராது. ஒரு வசனம் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேனே என்று எத்தனை நாள் அவளுக்கு ஏசியிருப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தச் சாத்தின கதவைப் பார்க்க எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. எங்கள் அசிங்கம் அந்தக் கதவைத் தாண்டவில்லை என்ற நிம்மதி.

பதினாறு வயதில் பழகுநர் அனுமதி எடுத்து, மஞ்சள் தகட்டில் எல் போட்டுக்கொண்டு கார் பழகத் தொடங்கினாள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பின்னேரம், கடையின் கார்த் தரிப்பிடத்தில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பும்போது இடப்பக்கக் கதவைத் தூணில் உரசிவிட்டாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கீறல். "அப்பாட்ட நான்தான் எண்டு சொல்லுறன். நீ வாய் திறவாத" என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட வந்து இருந்தபோது பாஸ்கரன் கேட்டார். "ஆர் கதவைக் கீறினது?"

"நான்தான். கடையில..." என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அபியைப் பார்த்தார். அவள் சோற்றைப் பார்த்தபடி, "இற் வோஸ் மீ" என்றாள்.

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துடைத்தார். கார்த் திறப்பை எடுத்தார். "அபி, வா பிள்ளை. காரைக் கழுவிப்போட்டு வருவம்."

கீறல் கழுவினால் போகுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். அபி கேட்கவில்லை. கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தாள். பாட்டுக் கேட்கக் காதில் செருகியிருந்ததைக் கழற்றினாள். தோளில் விரிந்து கிடந்த தலைமயிரை உயர்த்தி, இறுக்கி, கொண்டையாக முடிந்தாள். அந்தக் காருக்குள் ஏறமுதல் நான் செய்கிற வேலை அது. பிடித்திழுக்க ஒன்றும் வெளியே இருக்கக்கூடாதென்று. இவள் எத்தனை சனிக்கிழமை கதவு நீக்கலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்?

நான் செருப்பும் போடாமல் ஓடிப்போய்ப் பின் ஆசனத்தில் ஏறினேன்.

"நீர் எங்க வாறீர்?"

"நானும் வாறன்."

"இறங்கும்."

"இறங்கமாட்டன்."

பெற்றோல் நிலையத்துக் கடையில் இருக்கிற வியட்நாமியப் பெண், என் வயதுதான் இருக்கும், வழமைபோலச் சிரித்துக்கொண்டு இலக்கத்தைக் கொடுத்தார். கதவு மேலே போனது. உள்ளே போனோம். அவர் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார். கதவுகள் பூட்டுகிற சத்தம் கேட்டது. நுரை வந்து வெளிச்சத்தை மூடியது.

பிரஷ் தொடும்வரை பொறுத்திருந்தார். பிறகு அபியின் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கண்ணாடியில் மோதினார். இறுக்கிக் கட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. பிள்ளை கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் மோதக் கையை இழுத்தபோது நான் பின்னாலிருந்து பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன். பல்லுக்குள் தோல் கிழிகிறது தெரிந்தது. இரத்தம் வாய்க்குள் வந்தது. விடவில்லை. நான் இரத்தத்துக்கு அருவருக்கிறவள் இல்லை. அவர் முழங்கையால் என் கண்ணில் இடித்தார். பொறி பறந்தது. பிடி விட்டுப்போனது. திரும்பவும் அவர் அபியின் பக்கம் திரும்ப, நான் இரண்டு ஆசனத்துக்கும் நடுவால் புகுந்து, என் முழுப் பாரத்தையும் ஹோர்னில் போட்டேன்.

அவர் முதுகில் குத்தினார். கழுத்தில் குத்தினார். குத்தட்டும். நான் ஹோர்னை விட்டு எழும்பவில்லை. வாயாலும் கத்தினேன். இந்தப் பத்திரிகையில் போட முடியாத தமிழ் எல்லாம் கத்தினேன். அவனே, இவனே, என் பிள்ளையைத் தொட்டால் உன்னை இங்கேயே கொன்று நுரையோடு கழுவிவிடுவேன் என்று கத்தினேன்.

கார் சிக்கிவிட்டதென்று நினைத்து அந்த வியட்நாமியப் பெண் ஓடிவந்து வாசலில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒரே நொடியில் எல்லாம் நின்றது. பிரஷ் நின்றது. தண்ணீர் நின்றது. என் குரல் மட்டும் அந்தக் கொட்டகை முழுக்க எதிரொலித்துக்கொண்டு இருந்தது.

பாஸ்கரன் சேர்ட் கொலரைச் சரிபண்ணினார். கண்ணாடியை இறக்கினார். நுரை அவருடைய மடியில் சொத்தென்று விழுந்தது. பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் நன்றியுரை சொல்கிற குரலில், "சொறி, சொறி. மை வைஃப் இஸ் நொட் வெல்" என்றார்.

வியட்நாமியப் பெண் குனிந்து என் கண்ணைப் பார்த்தார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் எங்கோ ஓடிவிட்டது. கை மடக்குங்கள், கொஞ்சம் குத்தும், பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். வேலையிடத்து ஆங்கிலம்தான் வாயில் வந்து நின்றது.

அபி பூட்டை நீக்கி, கதவைத் திறந்துகொண்டு நுரைக்குள் இறங்கினாள். நெற்றியில் வீக்கம் எழும்பிவிட்டது. ஆங்கிலத்தில், ஒரு இடம் தடக்காமல், பள்ளிக்கூட விவாதத்தில் எழுந்து நிற்கிற பிள்ளைபோல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"அம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் அப்பா இதற்குள் வைத்து அம்மாவை அடிப்பவர். குளிர்காலத்தில் ஒவ்வொரு கிழமையும். இன்றைக்கு என்னையும் அடித்தார். தயவுசெய்து பொலிசைக் கூப்பிடுங்கள்."

அந்த ஆங்கிலத்துக்குத்தான் நான் அவளுக்கு அவ்வளவு ஏசினேன். அன்றைக்கு அதைக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

6

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோர்ட்டில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தந்தார்கள். இந்தமுறை நம்மட ஆள். முதல் கேள்வியாக, "அக்கா ஊரில எவடம்?" என்று கேட்டார். சொன்னால் நாளைக்கே என் கதை அவ்விடத்துக்குப் போய்ச் சேரும். "கிளென் வேவர்லி" என்றேன். தடை உத்தரவு கிடைத்தது. பாஸ்கரன் தமையன் வீட்டில் போய் இருக்கிறார். கார் எனக்கு வந்தது.

போன்கள் வந்தன. "தகப்பனைப் பிள்ளையைக் கொண்டு காட்டிக் குடுத்திட்டீர்" என்றார்கள். "எல்லா வீட்டிலயும் உள்ளதுதானே" என்றார்கள். ஜெயந்தி அக்கா, "வீட்டுக்குள்ள முடிக்கவேண்டிய விசயத்தை இப்பிடி ரோட்டுக்குக் கொண்டு வரலாமே வதனி?" என்றார். "அக்கா, அந்த மனுசன் ஒருநாளும் வீட்டுக்குள்ள வைச்சு அடிக்கேல்லை. அவ்வளவு பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு தொடங்கிய இந்தக் குறிப்பை வியாழக்கிழமை இவ்வளவும் எழுதி முடித்திருந்தேன். நல்லாய் வந்திருக்கிறதென்று எனக்குள் ஒரு நினைப்பும் இருந்தது. வெள்ளி காலை அபி என்னை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அவளுக்கு இப்போது பதினேழு. நல்லாய் ஓட்டுகிறாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் என்ன எழுதுறீங்கள்?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் பாதி தமிழில் கேட்கிறாள்.

"கார் வாஷைப் பற்றி."

"ஆம் ஐ இன் இற்?"

"ஓம். நீ சத்தம் கேட்காமல் படிக்கவேணும் எண்டுதான் நான் காருக்க ஏறினனான் எண்டு எழுதியிருக்கிறன். உனக்கு எல்லாம் தெரியும் எண்டது கடைசியிலதான் எனக்குத் தெரிஞ்சது எண்டும் எழுதியிருக்கிறன்."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிட்டாத்தான் வீடு அமைதியா இருக்கும். எனக்குச் சோதினை நேரம், படிக்கவேணும். அப்பா உள்ளுக்க உலாத்திக்கொண்டு திரிவார், கதவெல்லாம் அடிச்சுச் சாத்துவார். எனக்குப் பயம். அப்ப நான்தான் போய்ச் சொல்லுவன்."

"என்ன சொல்லுவாய்?"

"கார் ஊத்தையாக் கிடக்கு அப்பா எண்டு."

கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "அவர் எனக்கு அடிக்கிறார் எண்டு தெரிஞ்ச பிறகுமா?"

"ஓம்" என்றாள்.

விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் காரை எடுக்கவில்லை. நான் சொல்வதைக் கேட்டுத்தான் இனி மூச்சு விடுவாள்போல இருந்தாள்.

"எனக்கு அது அப்பவே தெரியும் பிள்ளை. நான்தானே உன்ர அம்மா. நீ காரை ஓடு" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். காரை எடுத்தாள்.

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியவே தெரியாது.